இனிஷியலுக்குள் ஒரு பென்ஷன்

மட்டாஞ்சேரியிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வில்லிங்டன் தீவு. அங்கே தெற்குக் கடற்படைத் தலைமையகம். வேலை பார்த்த இடம் கூப்பிடு தூரம்தான். ஆனால் ஓய்வு பெற்ற வீரரின் பென்ஷன் கணக்கு இருப்பதோ கம்ப்யூட்டரில்.

வங்கிகள் பட்டுவாடா செய்துவந்த ராணுவ பென்ஷன், 2021 முதல் படிப்படியாக 'ஸ்பர்ஷ்' என்ற அமைப்புக்கு மாறியது. நிர்வாகம் பிரயாக்ராஜில். பென்ஷன்தாரர்கள் 30 லட்சத்துக்கும் மேல். பல பத்தாண்டுக் காகிதங்கள் கம்ப்யூட்டரில் ஏறியபோது அவற்றிலிருந்த பிழைகளும் கூடவே ஏறின.

தென்னாட்டவருக்குத் தலைவலி இனிஷியல். மலையாளிக்கு அது பெரும்பாலும் வீட்டுப் பெயர். தமிழருக்கு அப்பா பெயர். படை ஏட்டில் ஓரெழுத்து, ஆதாரில் முழுப் பெயர். கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு பேர்!

மனைவியின் பெயரிலோ பிறந்த தேதியிலோ பிழை இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. கணவர் இறந்ததும் குடும்ப பென்ஷன் அங்கேதான் தடுக்கி நிற்கும்.

உறுப்பினர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முன்னாள் படைவீரர் சங்கங்கள், விலாசத்தோடும் சந்தாவோடும் நின்றுவிடக் கூடாது. மனைவியின் பெயர் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கணவர் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற காரியம் இது. பிறகென்றால், அந்த அம்மாள்தான் ஆபீஸ் படியேற வேண்டும்.