மிலிட்டரிக்காரருக்குச் சலுகை தரலாமா?

'முன்னாள் ராணுவத்தினருக்குக் கட்டணத்தில் 10 சதவிகிதம் தள்ளுபடி' என்று ஒரு சின்ன க்ளினிக் வாசலிலோ, டைப்பிங் சென்டரிலோ போர்டு தொங்கினால், பார்த்தவுடனே 'நல்ல மனுஷர்கள்' என்று நம் மனசு சொல்லிவிடும். ஆனால் அந்தப் போர்டை மாட்டப்போவது நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால், பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கிறது, சகோதரிகளே.

என் அக்கா மகள் காட்பாடிப் பக்கம் பிசியோதெரபி க்ளினிக் வைத்து ஒரு வருஷமாகிறது. ஒரே அறை, இரண்டு கட்டில், கடனில் வாங்கின இரண்டு மெஷின், உதவிக்கு ஒரு பெண். எங்கள் வேலூர்ப் பக்கம் மிலிட்டரிக்காரர் இல்லாத தெருவே கிடையாது என்று சொல்லலாம். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள் என்று வேலூர் மணிக்கூண்டிலேயே பொறித்து வைத்திருக்கிறது. கம்மவான்பேட்டை என்ற கிராமத்துக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பேர். அப்படியிருக்க, முட்டிவலி, முதுகுவலி என்று இவளிடம் வருகிறவர்களில் காலே அரைக்கால் பங்கு மிலிட்டரிக் குடும்பம்தான். "சித்தி, குறைச்சு வாங்கக் கூடாதான்னு நாலு பேர் கேட்டுட்டாங்க. போர்டு எழுதிடட்டுமா?" என்று கேட்டாள்.

நான் முதலில் கணக்கைப் போடச் சொன்னேன். ஒரு சிட்டிங் 300 ரூபாய். ஒரு நாளைக்கு எட்டுப் பேர், மாசம் 25 நாள் என்றால் 60,000 ரூபாய் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாடகை, உதவிக்கு இருக்கும் பெண்ணின் சம்பளம், மெஷின் தவணை, கரண்ட் பில் எல்லாம் சேர்ந்து 40,000 போய்விடுகிறது. ஆக, ஒரு சிட்டிங்குக்கு அவள் கையில் நிற்பது 100 ரூபாய்தான். 10 சதவிகிதம் தள்ளுபடி என்றால் 30 ரூபாய். அந்த முப்பது வாடகையிலிருந்து குறையாது, தவணையிலிருந்தும் குறையாது. இவளுடைய நூறிலிருந்துதான் போகும். அதாவது 10 சதவிகிதம் என்று எழுதிவிட்டு, தன் கூலியில் 30 சதவிகிதத்தைக் கொடுக்கிறாள். மாசம் ஐம்பது சிட்டிங் அப்படிப் போனால் 1,500 ரூபாய். அவள் குழந்தையின் ஸ்கூல் வேன் காசு அது.

'கட்டணத்தை 330 ஆக்கிவிட்டு, அவர்களுக்கு மட்டும் 300 வாங்கேன்' என்று யோசனை சொல்ல ஆள் இல்லாமலில்லை. ஆடித் தள்ளுபடி பார்த்துப் பழகின ஊர்தானே! ஆனால் அந்தக் கூடுதல் முப்பதை யார் கொடுப்பது? தெருமுனையில் இட்லிக்கடை போடும் அம்மா, சித்தாள் வேலைக்குப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டவள். பென்ஷன் வாங்குகிறவருக்காகப் பென்ஷனே இல்லாதவள் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காண்டீனில் சாமான் மலிவாகத் தருகிறார்களே என்பார்கள். தருகிறார்கள்தான். ஆனால் அந்தச் சலுகையின் பாரத்தை ஏற்றுக்கொள்வது சர்க்கார். அது தேசம் முழுக்கச் சேர்ந்து செய்கிற மரியாதை. 2003-ல் முன்னாள் படைவீரர்களுக்கென்று வந்த மருத்துவத் திட்டமும் அப்படித்தான். பென்ஷன்தாரரும் அவர் மனைவியும் பாலிகிளினிக்குக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஒற்றை அறை க்ளினிக்கின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றினால் தாங்குமா?

என் மாமனார் ஹவில்தாராக ரிடையர் ஆனவர். 1971 போரின்போது சர்வீஸில் இருந்தவர். அவரிடம் பேச்சை எடுத்தேன். "ஏம்மா, காண்டீன்ல வாங்கறது என் உரிமை. சின்னப் பொண்ணு கைக்காசை நான் எதுக்கு வாங்கணும்? முழு பில் போடச் சொல்லு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். என் மாமியார் மட்டும் உள்ளேயிருந்து, "காசுக்காக இல்லடி. யாராவது ஒருத்தர் நெனச்சுப் பாத்தாங்கன்னு ஒரு இது" என்றார். அவர் கல்யாணமான முதல் பதினேழு வருஷத்தில் புருஷனோடு சேர்ந்தாற்போல் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரசவம், பிள்ளைகளின் காய்ச்சல், நிலத்துத் தகராறு எல்லாம் ஒண்டியாகத்தான். அந்த 'ஒரு இது'வைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் போர்டு எழுதினால் அந்த 'இது' யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். முன்னாள் ராணுவத்தினர் என்று அட்டையை எடுத்து நீட்டுகிறவர் பெரும்பாலும் பென்ஷன் வாங்குகிறவர். ஜவானுக்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷ சர்வீஸ் வேண்டும். அதற்கு முன்னாலேயே வீட்டுக் கஷ்டத்தால் விலகி வந்தவர் எத்தனையோ பேர். அவர்கள் அட்டையை நீட்டக் கூச்சப்படுவார்கள். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு சர்வீஸே நாலு வருஷம். அதோடு வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பென்ஷன் கிடையாது.

இன்னொன்று. 2019 பிப்ரவரி 14-ந்தேதி புல்வாமாவில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள். அவர்களில் இரண்டு பேர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒருவர் தூத்துக்குடி ஜில்லா, ஒருவர் அரியலூர். சி.ஆர்.பி.எஃப். என்பது உள்துறையைச் சேர்ந்தது, ராணுவம் அல்ல. 'முன்னாள் ராணுவத்தினர்' என்று எழுதின போர்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அப்படிப்பட்டவரின் மனைவிக்குச் சலுகை இல்லை! அட்டையைப் புரட்டிப் பார்த்து, "உங்களுக்குப் பொருந்தாதும்மா" என்று அவளிடம் சொல்லவேண்டியது அந்த உதவிக்காரப் பெண். இருபது வயசுகூட ஆகவில்லை அவளுக்கு.

அதனால் போர்டு வேண்டாம் என்றேன். சும்மா வேண்டாம் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பார்களா? "அப்ப ஒண்ணுமே செய்யக் கூடாதா சித்தி?" என்று முகம் வாடிவிட்டது. இரண்டு பேருமாக அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் புரட்டினோம். காலையிலும், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலும்தான் கூட்டம். மத்தியானம் 12 முதல் 4 வரை கட்டில் காலி. ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்கும் வாடகை கொடுத்தாகிவிட்டது, சம்பளமும் கொடுத்தாகிவிட்டது. அப்போது ஒருவருக்கு 150 ரூபாய்க்குப் பார்த்தாலும் இவளுக்குக் கைநஷ்டம் இல்லை, உழைப்பு மட்டும்தான். சாயங்காலம் முழுக் கட்டணம் கொடுப்பவரின் இடமும் பறிபோகாது. மெஸ், ஓட்டல் எல்லாம் தொழில் நடக்கிற விதம் இதுதான். காலியாகக் கிடக்கிற நேரத்தைத்தான் சல்லிசாகக் கொடுக்க முடியும்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்தை அதற்கென்று வைத்திருக்கிறாள். சர்வீஸில் அடிபட்டு வந்தவர், விதவை மனைவி, பென்ஷன் இல்லாமல் திரும்பினவர், எந்தப் படையாக இருந்தாலும் சரி. இன்றைக்கு எல்லையில் இருக்கிறவரின் மனைவிக்கும் உண்டு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காஸ் சிலிண்டரையும் தானே நகர்த்துகிறவளுக்கு முதுகு பிடிக்காமல் என்ன செய்யும்? அட்டை கேட்பதில்லை. ஊர் சின்னது, யார் யார் என்று தெரியாதா! பொய் சொல்லி ஒருவர் இரண்டு பேர் வந்தால் வரட்டும் என்றேன். முழுக் கட்டணம்தான் கொடுப்பேன் என்கிற என் மாமனார் மாதிரியானவர்களிடம் வாதாடாமல் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் தையலோ, டியூஷனோ, வருமான வரிக் கணக்கு எழுதுவதோ நடந்தால், சதவிகிதத்தைப் பேசுவதற்கு முன் உங்கள் நோட்டில் காலி நேரம் எது என்று பாருங்கள். காலி நேரமே இல்லாதபடி தொழில் நடக்கிறதா? ரொம்ப சந்தோஷம். டிசம்பர் 7 கொடி நாளன்று உங்களால் முடிந்ததை உண்டியலில் போட்டுவிடுங்கள். அந்தப் பணம் முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நலனுக்குத்தான் போகிறது. அக்கம்பக்கத்தில் மிலிட்டரிக்காரரின் விதவை இருந்தால் இன்னொரு விஷயமும் சொல்லுங்கள். ஜில்லாதோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே விதவைக்கும் தனியாக அடையாள அட்டை தருகிறார்கள். புருஷனின் பழைய டிஸ்சார்ஜ் புக்கைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாமல் பத்திரமாக எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.