பண்ணையார் வந்தார், பண்ணையாள் வந்தான்

கதை சொல்லி இலக்கணம் கற்பிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்லிப் பிரம்பெடுத்த வகுப்பறையிலிருந்து முதலில் வெளியேறியவர்கள் நம் பிள்ளைகள்தான். 2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வியும் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் கதை, பாட்டு, பொம்மை என்று வகுப்பை மாற்றியதை வரவேற்கிறோம். எங்கள் கேள்வி வேறு. அந்தக் கதையில் யாருக்கு எந்த விகுதி?

பண்ணையார் வந்தார், பண்ணையாள் வந்தான். மருத்துவர் வருகிறார், செருப்புத் தைப்பவன் வருகிறான். வினைமுற்று படிப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, குழந்தை படிப்பது இதைத்தான். நரைத்த தலையோடு நிற்கும் நம் தாத்தாவை ஊர்த்தெருச் சிறுவன் 'வாடா' என்று கூப்பிட்டதும் இதே பாடத்தில்தான். (பாட்டி கதையில் ராஜாவே 'இருந்தான்'தான். பள்ளிக்கூடம் வந்த பிறகே அவருக்கு 'ஆர்' முளைத்தது.)

'இலக்கணத்திலுமா சாதி?' என்று சலித்துக்கொள்பவர்கள் தொல்காப்பியத்தைத் திறக்கட்டும். ஒருவரைப் பன்மையில் உயர்த்திச் சொல்வது வழக்கால் வந்தது, இலக்கண நெறி அல்ல என்கிறது சொல்லதிகாரம். ஆக, 'ஆர்' யாருக்கு என்று இலக்கணம் முடிவு செய்யவில்லை. ஊர் முடிவு செய்தது.

திருக்கோஷ்டியூரையே எடுத்துக்கொள்வோம். இங்கே பிள்ளைகளுக்குக் கதை என்றால் இராமானுசர்தான்: 18 முறை நடந்து நம்பியிடம் மந்திரம் பெற்றார், கோபுரம் ஏறி எல்லோருக்கும் சொன்னார். நல்ல கதை. வேற்றுமை கற்பிக்க இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது. 'இராமானுசர் மக்களுக்கு மந்திரத்தைக் கொடுத்தார்.' இராமானுசர் எழுவாய். மந்திரம் இரண்டாம் வேற்றுமை. நாம்? நான்காம் வேற்றுமை, 'கு' உருபோடு கையேந்தி நிற்பவர்கள். நமக்கு ஆதரவாகச் சொல்லப்படும் கதைகளில்கூட நம் இடம் இதுதான். கீழே கூடி நின்ற ஒரு பெண்ணை எழுவாயாக்கிச் சொல்லிப் பாருங்கள். அவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார்? வாசலில் எதுவரை வர முடிந்தது? கேட்டதை யாரிடம் போய்ச் சொன்னார்? 'வந்தார்' என்றே சொல்லுங்கள்.

மாலை வகுப்பெடுக்கும் தோழர்களுக்கு இன்னொன்று. 'நாம்' கேட்பவரையும் சேர்க்கும், 'நாங்கள்' சேர்க்காது. இதைக் கற்பிக்கக் கண்டதேவித் தேரைச் சொல்லுங்கள், நம் மாவட்டம்தான். வடம் பிடிக்கும் உரிமைக்காக நம் மக்கள் நீதிமன்றப் படியேறிய தேர் அது. பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடு ஓடியது. அன்று வடம் பிடித்த நாட்டார்கள் நம் தெருவுக்கு வந்து பேசினால், 'நாம் இழுத்தோம்' என்பார்களா, 'நாங்கள் இழுத்தோம்' என்பார்களா? பிள்ளைகள் பதில் சொல்லட்டும்.