கேலிபரை முடிவு செய்யும் அரசு கைகளையும் சோதிக்கட்டும்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளர், தற்காப்புக்குச் சிறிய கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினால், யூடியூப் அவரை நேராக அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். கிளாக் 43 நல்லதா, சிக் சாவர் பி365 நல்லதா, இடுப்பில் எது உறுத்தாமல் மறையும் என்று அங்கே மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் தனி அனுமதியே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லலாம் என்றிருக்கும் நாட்டின் பேச்சு அது. எலெக்ட்ரானிக் சிட்டியின் ஓசூர் சாலைக்கு அது பொருந்தாது. அந்த இரண்டு பிஸ்டல்களும் 9 மி.மீ. ரகம், இந்தியாவில் சாதாரணக் குடிமகனுக்கு 9 மி.மீ. கிடையாது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இங்கே கேலிபரை, அதாவது குழலின் விட்டத்தை, முன்கூட்டியே முடிவு செய்துவிட்டன. 9 மி.மீ., .38, .455 ஆகியவை தடைசெய்யப்பட்ட ரகங்கள். ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா வெளியில் புழங்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடரும் ஏற்பாடு. உரிமமின்றித் தடைசெய்யப்பட்ட ரகத் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை. 1980-களில் இறக்குமதியும் அடைபட்டதால், உரிமம் பெற்றவர் கடைக்குப் போனால் நடைமுறையில் கண்ணில் படுவது .32 தான், கொஞ்சம் .22 உண்டு.

அந்த .32-க்குள் தேர்வுகள் உண்டு. கான்பூரில் தயாராகும் ரிவால்வர்கள், மேற்கு வங்கத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் ‘அஷானி’ பிஸ்டல், உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் தயாராகும் வெப்லி அண்ட் ஸ்காட் ரிவால்வர். 2023 ஆகஸ்டில் பொதுத்துறை நிறுவனமான ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். ‘பிரபல்’ ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. எடை சுமார் 700 கிராம். தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும். 50 மீட்டர் வரை சுடும் என்றது நிறுவனம். பிஸ்டல் தட்டையானது, உடைக்குள் எளிதில் மறையும். ரிவால்வர் தடிமனானது, ஆனால் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும். இரண்டிலும் ஒரு சிக்கல் பொது. துப்பாக்கி சிறுக்கச் சிறுக்கக் குறி பார்ப்பது கடினம். குட்டைக் குழல் தோட்டாவின் வேகத்தையும் குறைக்கும்.

மறைத்து எடுத்துச்செல்வது அமெரிக்காவில் விருப்பம். இங்கே அதுதான் விதி. 2016 விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்குரிய உறையிலோ பையிலோ முழுக்க மூடப்பட்டிருக்க வேண்டும். வைத்திருப்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். பொது இடத்தில் வெளியே எடுத்துக் காட்டினாலே உரிமம் பறிபோகலாம்.

.32 போதுமா என்பது அடுத்த கேள்வி. காகிதக் கணக்கில் அது வலு குறைந்தது: 9 மி.மீ. தோட்டாவின் ஆற்றல் ஏறக்குறைய 500 ஜூல்; .32 தோட்டாக்கள் பெரும்பாலும் 200 ஜூலுக்குக் கீழே. ஆனால் இந்தக் கணக்கு ஓரளவுக்குத்தான் உதவும். 2014-இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பெரிய .40 தோட்டாவை விட்டுவிட்டு 9 மி.மீ.க்குத் திரும்ப முடிவெடுத்தபோது சொன்ன காரணம், அதிர்வு குறைந்த துப்பாக்கியில் அதிகாரிகள் வேகமாகவும் குறி தப்பாமலும் சுடுகிறார்கள் என்பது. தோட்டாவின் ஆற்றல் மட்டும் எல்லாம் இல்லை என்பதைத் தமிழ்நாட்டுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆர். மிக அருகிலிருந்து சுடப்பட்டார். கழுத்தில் குண்டு பாய்ந்தும் பிழைத்து, மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். பெங்களூரில் 2017 செப்டம்பர் 5 இரவு கௌரி லங்கேஷைக் கொன்றது 7.65 மி.மீ. நாட்டுத் துப்பாக்கி. 7.65 என்பது .32 பிஸ்டலின் இன்னொரு பெயர்தான். குண்டு எங்கே பாய்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது.

நெருக்கடியில் பயிற்சி பெற்றவர்களின் கைகூட நடுங்கும். நியூயார்க் போலீஸ் பற்றி ராண்ட் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1998 முதல் 2006 வரை நடந்த துப்பாக்கிச் சண்டைகளில் போலீசார் சுட்டவற்றில் சராசரியாக 18 சதவீதம்தான் இலக்கைத் தொட்டன. சால்ட் லேக் சிட்டி போலீஸ் அதிகாரி டென்னிஸ் டியூலர் 1983-இல் இன்னொன்றை எடுத்துக்காட்டினார்: கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியைச் சுமார் ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடப் பழகியவருக்கே ஏறக்குறைய அவ்வளவு நேரம் தேவை. கைப்பையின் அடியில் சாவிக்கும் பவர் பேங்குக்கும் நடுவே கிடக்கும் ரிவால்வருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தக் கேள்விக்கு விடை இல்லாமலேயே 2014 ஜனவரியில் ‘நிர்பீக்’ வந்தது. டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பிறகு பெண்களுக்கென்று கான்பூர் தொழிற்சாலை தயாரித்த .32 ரிவால்வர், எடை அரை கிலோ அளவு, விலை 1,22,360 ரூபாய். துப்பாக்கி வன்முறையில் கணவரையும் பிள்ளைகளையும் இழந்த மணிப்பூர் பெண்களோடு வேலை செய்யும் பினாலட்சுமி நேப்ரம் இதை வெளிப்படையாக எதிர்த்தார். அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. அந்த விலை கொடுக்க முடிந்த பெண்கள் எத்தனை பேர்? பெண்ணின் பாதுகாப்பை அவளே கடையில் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஓர் அரசுத் தொழிற்சாலை சொல்வது பொறுப்பைக் கைகழுவுவது.

பெங்களூரே வேறு வழியைக் காட்டியிருக்கிறது. 2005 டிசம்பரில் இரவுப் பணிக்குக் கிளம்பிய கால்சென்டர் ஊழியர் ஒருவர், அழைத்துப்போக வந்த காரின் ஓட்டுநராலேயே கொல்லப்பட்டார். எதிர்பார்த்த நேரத்தில் வந்த வண்டி. கையில் துப்பாக்கி இருந்திருந்தாலும் அதை எடுக்கத் தோன்றும் கணத்தில் காலம் கடந்திருக்கும். அதன் பிறகு பரவலாகிய நடைமுறைகள்தான் ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கவசம்: அலுவலகக் காரில் பெண் முதலில் ஏறவோ கடைசியில் தனியாக இறங்கவோ கூடாது, உடன் காவலர் வர வேண்டும், வண்டியில் ஜி.பி.எஸ். இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோவும் வந்துவிட்டது. இரவு நேரத்தில் நிலையத்திலிருந்து பி.ஜி. விடுதி வரையிலான தெருக்களுக்கு விளக்கும் ரோந்தும் கொடுப்பது, எந்தக் கைத்துப்பாக்கியை விடவும் அதிகம் பேரைக் காக்கும்.

துப்பாக்கி வீட்டுக்குள் கொண்டுவரும் ஆபத்தும் உண்டு. 2024 அக்டோபர் 1 அதிகாலை, மும்பை ஜுஹு வீட்டில் நடிகர் கோவிந்தா தன் உரிமம் பெற்ற ரிவால்வரை அலமாரியில் வைக்கும்போது அது தவறி விழுந்து வெடித்தது. குண்டு அவர் காலிலேயே பாய்ந்தது. பழைய ரிவால்வர்கள் பலவற்றில், கீழே விழும்போது சுத்தி தோட்டாவில் இடிக்காமல் தடுக்கும் அமைப்பு இல்லை. இரண்டு அறை பி.ஜி.யிலோ, குழந்தைகள் ஓடியாடும் அபார்ட்மென்ட்டிலோ இதே விபத்து நடந்தால் காலோடு போகாது.

குடகைப் பாருங்கள் என்று சிலர் வாதிடுவார்கள். அங்கே கொடவர்களுக்கும் ‘ஜம்மா’ எனப்படும் பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கே துப்பாக்கி கைல்போது பண்டிகையில் பூஜைக்கு வைக்கப்படும் பொருள். பெரியவர்களிடம் பார்த்துப் பழகும் பொருள். கடையில் வாங்கி டிராயரில் வைக்கும் பொறியாளருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

பயிற்சியிலிருந்துதான் வர வேண்டும். முதல் உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. உரிமமோ 2019 திருத்தப்படி 5 ஆண்டு செல்லும். அதற்குள் கை மறந்துவிடும். பைக் ஓட்டவே எட்டுப் போட்டுக் காட்டச் சொல்லும் நாட்டில், துப்பாக்கி வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது தன் சொந்தத் துப்பாக்கியால், ஏழு மீட்டரில், அதிகாரி முன்னிலையில் சுட்டுக்காட்ட வேண்டாமா? பெங்களூரில் உரிமம் வழங்குவது போலீஸ் கமிஷனர் அலுவலகம். சுடுதளங்களும் பயிற்றுநர்களும் போலீசிடமே இருக்கிறார்கள். தேர்வில் தவறுபவரின் துப்பாக்கியை அடுத்த தேர்வு வரை அருகிலுள்ள காவல் நிலையத்தில் வைத்துக்கொள்ளலாம். தேர்தல் நேரத்தில் அப்படித்தான் ஆயுதங்களை வாங்கி வைக்கிறார்கள். புதுப்பிப்புக்கு வருபவரின் வீட்டில் பூட்டுப் பெட்டி இருக்கிறதா என்றும் நேரில் பார்க்க வேண்டும். மத்திய உள்துறை இதை நாடு முழுவதற்கும் விதியாக்கும் வரை காத்திருக்காமல், கர்நாடகம் எலெக்ட்ரானிக் சிட்டியின் உரிமதாரர்களிடமிருந்து தொடங்கலாம்.