பார்த்துட்டு ஒட்டின பாக்கெட்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்கா. எண்பதுகள்ல எங்க குருவிநத்தத்துப் பெட்டிக்கடையில பிக் ஃபன் பபிள்கம் விப்பாங்க. கூடவே ஒரு கிரிக்கெட் வீரர் படம் வரும். பின்னாடி ரன்னோ விக்கெட்டோ போட்டிருக்கும். எனக்குக் கவாஸ்கர் வேணும். உள்ள யாருன்னு கடைக்காரருக்கே தெரியாது. பபிள்கம் என்ன, ரெண்டு நிமிஷத்துல சப்புன்னு ஆயிடும். அந்த 'யாருக்கும் தெரியாது'க்குத்தான் காசு கொடுத்தோம்.

போன மாசம் ஒருத்தர்கிட்ட, "பழைய கார்டு சார், கலந்து போட்டது, அதிர்ஷ்டம் இருந்தா அள்ளலாம்"னு சொன்னதை நம்பி ஐந்நூறு ரூபா அழுதேன். புத்தம்புது பிளாஸ்டிக் உறை. பிரிச்சா ஒரே ஆளு நாலு தடவை, மூலை மடிஞ்சது ரெண்டு. கபில்தேவ்? ம்ஹூம். எப்படி இருப்பார்? ஒட்டினவர் பார்த்துட்டுத்தானே ஒட்டியிருப்பார்!

அமெரிக்காவுல பேஸ்பால் கார்டுலயும் இதே கூத்துதான். 1980களோட கடைசியில அளவில்லாம அச்சடிச்சுத் தள்ளினது இன்னைக்கும் சீப்படுது. அதையே மறுபடி பாக்கெட் போட்டு விக்கிறாங்க. வாங்குறவன் கனவுல வர்றது 1952 மிக்கி மேன்டில் கார்டு. 2022 ஏலத்துல ஒண்ணு 1.26 கோடி டாலருக்குப் போச்சே, அது.

பழசை விக்கிறது தப்பில்லீங்க. 'பொறுக்கினது போக மிச்சம்'னு உறைமேல எழுதி ஐம்பது ரூபாய்க்குக் கொடுத்தா நானே பத்து வாங்குவேன். அதிர்ஷ்டம்னு சொல்லி விக்கிறதுதான் எரிச்சல்.

அந்த நாலு பேரையும் எங்க வீட்டுப் பொடியன் வரிசையா ஸ்லிப்புல நிறுத்தி வச்சு விளையாடிட்டிருக்கான் :-)