கறுப்பாக இருந்தால் போதுமா?

காலை நிகழ்ச்சி முடிந்ததும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்டுவது என் வழக்கம். கடலில் பட்டுத் தெறிக்கும் வெயில் கூசுகிறதே என்று போலரைஸ்டு கண்ணாடி வாங்கினேன். கூச்சம் போயே போச்சு! ஆனால் மழை விட்ட ஒரு காலையில், பாதையில் ஈரம் மின்னியதும் தெரியாமல் போனது. சறுக்கி விழுந்தேன், முழங்கையில் நான்கு தையல். லென்ஸ் போலிகார்பனேட், அதனால் உடையவில்லை. கண் தப்பியது.

போலரைஸ்டு படகோட்டிகளுக்கு அருமை. எனக்கு இனி சாதாரண லென்ஸ்தான். வெயிலுக்கேற்ப நிறம் மாறும் ஃபோட்டோகுரோமிக்? மர நிழலுக்குள் நுழைந்ததும் உடனே தெளியாது. சில நிமிடம் பிடிக்கும்.

எதை வாங்கினாலும் யுவி400 உண்டா என்று கேளுங்கள். அது இல்லாத கறுப்புக் கண்ணாடிக்குள் கண்பாவை விரியும், புற ஊதாக் கதிர் கூடுதலாக உள்ளே போகும். அப்பாவின் பாசார் மாலாம் கண்ணாடியை இந்த வாரம் கடையில் கொடுத்துச் சோதிக்கப்போகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.