மூச்சைக் கவனிக்கச் சொல்லுமுன்

சிறார்க்கு மனவிழிப்புப் பயிற்சி அளித்தல் வேண்டும் என்னும் குரல் இன்று பல நாட்டுக் கல்விமான்களிடையே ஓங்கி ஒலிக்கின்றது. மூச்சின் வரவையும் செலவையும் கவனித்தல், மணியோசை அடங்கும்வரை செவிகொடுத்தல், சினம் எழுங்கால் அதனைச் சினமென்று அறிந்துகொள்ளுதல் என்பன அப்பயிற்சியின் கூறுகள். 1979 ஆம் ஆண்டில் அமெரிக்க மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் யோன் கபாற்-சின் என்பார் நோயாளர்க்கென வகுத்த முறை, இன்று பாலர் வகுப்புவரை வந்துள்ளது. இதனை ஏற்பதா, ஒதுக்குவதா? சான்றுகளைக் கொண்டே தீர்ப்புக் கூறுவோம்.

விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர் 68 பாலரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2015 இல் வெளியாயிற்று. 12 வாரம் பயின்ற பிள்ளைகள், பயிலாதாரினும் பிறரோடு இணங்கிப் பழகுவதில் முன்னேறினர் என ஆசிரியர்கள் மதிப்பிட்டனர். ஆயின், பிரித்தானியாவில் 11 முதல் 14 வயது வரையான எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரிடை நடத்தப்பெற்ற பேராய்வின் முடிவு 2022 இல் வந்தபோது, வழமையான கல்வியினும் இப்பயிற்சி மேலான பயன் தரவில்லை என்பது புலனாயிற்று. மாணவருட் பெரும்பாலோர் வீட்டில் அதனைப் பயிலவேயில்லை.

எமது மண்ணிலும் ஒரு சான்று உண்டு. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின், போராலும் அலையாலும் உள்ளம் நொந்த வடகிழக்குப் பிள்ளைகள் 31 பேருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒருசாரார் தம் துயர்க்கதையை முறையாக எடுத்துரைத்தனர். மறுசாரார் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றனர். இருசாராருக்கும் ஆறு அமர்வுகளே. ஆறு மாதத்தின் பின் முதற்சாராரில் நூற்றுக்கு 81 வீதமும் மறுசாராரில் 71 வீதமும் தேறியிருந்தனர். நோயறிந்து, பயிற்றப்பட்ட உள்ளூர் ஆலோசகர் அருகிருந்து அளித்த உதவி அது. வகுப்பு முழுவதையும் ஒருங்கே கண்மூடச் செய்யும் பாடம் அதற்கு ஈடாகுமென எவரும் எண்ணவேண்டாம்.

ஆகவே, நாம் இப்பயிற்சியை எதிர்க்கவில்லை, நிபந்தனைகளோடு வரவேற்கின்றோம். கற்பிக்கும் ஆசிரியர் முதலிற் தாமே பயிலுதல் வேண்டும். பிள்ளையின் தாய்மொழியிலேயே அது நடைபெறல் வேண்டும். பௌத்த தியான மரபிற் பிறந்த முறையாதலின், அரசாங்கப் பாடசாலையில் எம்மதச் சடங்கும் கலவாது, பெற்றோரின் சம்மதத்தோடு அளிக்கப்படல் வேண்டும். சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் உரிய சுதந்திரத்தை 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை ஒவ்வொருவர்க்கும் உறுதிசெய்துள்ளது; சிறுபிள்ளையும் அவ் 'ஒவ்வொருவருள்' அடக்கமே.

யாவற்றினும் முக்கியமான நிபந்தனை ஒன்றுண்டு. கவனஞ் சிதறும் பிள்ளைகளுள் காலையுணவின்றி வருபவன் உண்டு. காணாமலாக்கப்பட்ட மகனை இன்றுந் தேடும் பாட்டியின் கண்ணீரிடையே வளர்பவள் உண்டு. இவர்களை மூச்சைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, உணவும் ஆசிரியரும் நீதியும் வழங்கும் கடமையிலிருந்து ஆட்சியாளர் கைகழுவ நாம் இடமளியோம். பயிர் வாடினால் கமக்காரன் பயிரைக் கடிந்துகொள்வதில்லை. வாய்க்காலையே சென்று பார்க்கிறான். பெற்றோரும் ஆசிரியரும் அவ்வாறே செய்வார்களாக!