கெமிஸ்ட்ரிக்கு எத்தனை மார்க்ஸ்?

தமிழ் ரீவியில் ‘கெமிஸ்ட்ரி’ என்ற சொல்லை நடனத்தோடு ஒட்டிவிட்டது ‘மானாட மயிலாட’ எண்டு சொன்னால் ஆரும் சண்டைக்கு வரமாட்டினம். 2007இல் கலைஞர் ரீவியில் தொடங்கின நிகழ்ச்சி அது. சின்னத்திரை நடிகர்கள் சோடி சோடியாக ஆடுவினம், கலா மாஸ்டர் ‘கிழி கிழி’ எண்டுவா, கெமிஸ்ட்ரி சூப்பர் அல்லது கெமிஸ்ட்ரி பத்தாது எண்டு தீர்ப்பு வரும். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி என்றொரு பாடம் இருக்குது எண்டு தெரிய முதலே, நடனத்தில் அது இருக்குது எண்டு தெரிஞ்சுகொண்ட தலைமுறை எங்கட.

ஆனால் அது என்ன சாமான் எண்டு ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லை. அதனால்தான் இண்டைக்கும் எந்த நடனப் போட்டி நடந்தாலும் வீட்டில இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு ஸ்டெப் சுத்தமாக இருக்கவேணும். மற்றக் கட்சிக்கு, ஸ்டெப் பிழைச்சாலும் பரவாயில்லை, ‘மனசைத் தொட்டுது’ எண்டால் போதும். இரண்டாவது கட்சிக்குத்தான் எப்பவும் ஆள் கூட. நான் அந்தக் கட்சிக்கு எதிரி இல்லை. மனசைத் தொட்டது நடனந்தானா எண்டு மட்டும் கேக்கிறன்.

லண்டனில் சொந்தக்காரர் இருக்கிற ஆக்களுக்கு ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்’ தெரிஞ்சிருக்கும். பிபிசியில் 2004இல் இருந்து போகுது. பிரபலம் ஒருத்தர், தொழில்முறை ஆட்டக்காரர் ஒருத்தர் எண்டு சோடி சேர்ந்து வால்ட்ஸ், டாங்கோ எல்லாம் ஆடுவினம். நடுவர் புள்ளியையும் மக்கள் வாக்கையும் சேர்த்துத்தான் முடிவு. 2008இல் ஜோன் சேர்ஜன்ட் என்ற அரசியல் செய்தியாளர் ஆடவந்தார். ஆடத் தெரியாது. ஒரு ஆட்டத்தில் தன்ர சோடியைத் தரையில இழுத்துக்கொண்டு போனார். நடுவர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டினம். சனமோ வாரத்துக்கு வாரம் வாக்குப் போட்டு அவரைக் காப்பாத்திச்சுது. கடைசியில், இப்பிடியே போனால் தான் வென்றுவிடவும் கூடும் எண்டு பயந்து மனுசன் தானாகவே விலகிப் போனார்.

இதில எனக்குப் பிடிச்சது அவர் விலகினது இல்லை. சனத்தின்ர அன்பு உண்மையானது; ஆனால் அது சேர்ஜன்ட் என்ற ஆளுக்கு வந்த அன்பு, வால்ட்ஸுக்கு வந்ததில்லை. இரண்டையும் பிரிச்சுப் பாக்க அவருக்குத் தெரிஞ்சிருந்தது. எங்கட சானல்கள் பிரிக்கவே விடாது. ஆட்டத்துக்கு முதல் மூண்டு நிமிசம் வீடியோ, பின்னால வயலின், அம்மா அழுவா, நடுவர் கண்ணைத் துடைப்பார். பிறகு வாற ஆட்டத்தை நாங்கள் ஏற்கெனவே ஈரமான கண்ணோடதான் பாக்கிறம். ‘ஜோடி நம்பர் ஒன்’ மேடையில பிருத்விராஜும் நடுவர் சிலம்பரசனும் மோதிக்கொண்ட துண்டு இப்பவும் மீமாகச் சுத்துது. அண்டைக்கு ஆடின பாட்டு என்ன எண்டு ஆருக்காவது ஞாபகம் இருக்கோ?

எங்கட பிள்ளைகள் போனால் இது இன்னும் கூடும். அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா 2023 டிசெம்பரில் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ பட்டம் வென்றபோது நாங்கள் எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டம். நானும்தான். போர், இழப்பு, ஈழம் எண்டு எழுதினம். அந்தப் பிள்ளையின்ர சுருதி எப்பிடி, மேல்ஸ்தாயியில் மூச்சை எப்பிடிப் பிடிச்சா எண்டு எழுதின ஒரு பதிவு என்ர கண்ணில படேல்லை. எங்கட கதைக்காகத்தான் புள்ளி விழுந்தது எண்டு ஆராவது சொன்னால் கோவம் வரும். ஆனால் அப்பிடிச் சொல்ல இடம் வைக்கிறது நாங்கள்தான்.

அப்ப உணர்வு வேண்டாமோ? வேணும். அதையும் பழகவேணும் எண்டுறதுதான் என்ர கதை. சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ என்ற ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கோ. பாலசரஸ்வதி கடற்கரையில நிண்டு ‘கிருஷ்ணா நீ பேகனே’ ஆடுவா. வயது ஐம்பத்தெட்டு மட்டில. உடம்பு கனத்திட்டுது. இண்டைய ரீவி நடுவர் ‘எனர்ஜி பத்தாது’ எண்டு சொல்லக்கூடும். ஆனால் கூப்பிடுற கையைப் பாத்தால், ஒரு குழந்தை அங்கால ஒளிஞ்சு நிக்குது எண்டு நாங்களும் திரும்பிப் பாப்பம். அது சும்மா மனசில இருந்து பொங்கி வந்ததில்லை. கண்டிப்புக்குப் பேர்போன கந்தப்பா பிள்ளையிட்ட சின்ன வயசிலேயே அடி எடுத்து, கௌரி அம்மாளிட்ட அபிநயம் பழகி, ஒரே வரியை எத்தனையோ விதமாகக் காட்டிக் காட்டி வந்த உணர்வு. அதுக்குப் பேரும் ரெக்னிக்தான்.

சோடி ஆட்டத்திலயும் அப்பிடித்தான். வால்ட்ஸில் ஒருவரின்ர பாரம் எந்தக் காலுக்கு மாறுது எண்டு மற்றவர் பிடிச்சிருக்கிற கையாலயும் உடம்பாலயும் உணரவேணும். அந்தக் கவனம் வெளியில இருந்து பாக்கிற எங்களுக்கு நேசமாகத் தெரியுது. சிரிச்சுக்கொண்டு கமராவைப் பாக்கிற சோடியிட்ட அது கிடையாது.

இஞ்ச பிரச்சினை வேற. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு தரம் தரமாக ஏறி ஆசிரியர் தரம் வரை போற பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலயும் இருக்கினம். அடவு சுத்தம், அரைமண்டி இறுக்கம், தாளம் பிசகாது. முகத்துக்கு வந்தால், ‘பிள்ளை, சிரி!’ எண்டு மேடைக்குப் பின்னால இருந்து ஒரு சத்தம் கேக்கும். உடன ஒரு சிரிப்பு வரும். சலங்கை, ராக்கொடி மாதிரி அதுவும் ஒரு ஐட்டம். சோகப் பாட்டிலயும் சிலவேளை கழட்ட மறந்துபோகும். கால் அடிக்கப் பத்து வருசம் செலவழிக்கிறம். ஒரு பதத்தோட ஒரு மாதம் இருந்து, ‘இவள் ஆருக்காகக் காத்திருக்கிறாள், கோவமோ பயமோ’ எண்டு கதைக்கிறது குறைவு. காதல் பதம் எண்டால் இன்னும் கெதியாகத் தாண்டிடுவம்.

ஏன் தாண்டுறம் எண்டு எல்லாருக்கும் தெரியும். ரீவியில ஆணும் பெண்ணும் கட்டிப்பிடிச்சு ஆடுறதை அப்பா, அம்மா, அம்மம்மா எல்லாரும் ஒண்டாக இருந்து பாத்து ‘கெமிஸ்ட்ரி நல்லாருக்கு’ எண்டு மார்க்ஸ் போடுவினம். அதே வீட்டுப் பிள்ளை கம்பஸ் விழாவில ஒரு பொடியனோட ஆடினால் வீடியோ அண்டிரவே வட்ஸ்அப்பில வீட்டுக்குப் போயிடும். அதனால எங்கட சோடி நடனங்களில் பெடியளும் பெட்டையளும் ஆளையாள் பாக்காமல், நேர முன் வரிசையைப் பாத்துக்கொண்டு, இன்னொரு ஆள் தாராளமாக நடுவில நிண்டு ஆடக்கூடிய இடைவெளி விட்டு ஆடினம்.